அரசுக் கல்லூரிகளில் இணையவழிப் பாடங்கள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஒரே அரசு நிர்வாகத்தின்கீழ் பல கல்லூரிகள் இயங்கும் இடங்களில், "இணையவழிப் பாடங்களை எல்லாக் கல்லூரிகளுக்கும் விரிவுபடுத்துவோம்" என்ற பேச்சு எப்படியும் ஒருநாள் எழுந்துவிடும். மாணவர்கள் ஒரு மாதிரி கேட்பார்கள், ஆசிரியர்கள் வேறு மாதிரி கேட்பார்கள். நிர்வாகிகளும் கேட்பார்கள், ஆனால் கூட்டம் கலைந்த பிறகு, தனியாக. மூன்று தரப்பும் திரும்பத் திரும்பக் கேட்பவற்றை இங்கே சேர்த்திருக்கிறேன்.

கொரோனா காலத்தில் நடந்ததே, அதைத்தானே மறுபடியும் கொண்டுவருகிறீர்கள்?

இல்லை. அப்போது நடந்தது, வீடு தீப்பிடித்தபோது ஜன்னல் வழியாகக் குதித்த மாதிரி. உயிர் தப்பியது. அதற்காக ஜன்னலையே வாசலாக்கச் சொல்ல முடியாது. 2020 மார்ச்சிலேயே கல்வியாளர்கள் சிலர் அதற்கு 'அவசரகாலத் தொலைப் போதனை' என்று தனிப்பெயர் வைத்தார்கள். திட்டமிட்ட இணையவழிக் கல்வியோடு யாரும் அதைக் குழப்பிக்கொள்ளக் கூடாது என்பதற்காகத்தான். குழப்பிக்கொண்டோம் என்பது வேறு விஷயம்.

அன்று ஆசிரியர் வழக்கமான விரிவுரையைக் கேமரா முன்னால் உட்கார்ந்து செய்தார். மாணவர் தன் கேமராவை அணைத்துவிட்டுத் தூங்கினார். திட்டமிட்ட பாடத்தின் வேலை, முதல் வகுப்புக்கு ஒரு செமஸ்டர் முன்பே தொடங்கிவிட வேண்டும். எந்த வாரம் மாணவர் எதைப் படிப்பார், எதைச் செய்துகாட்டுவார், அதை யார் எத்தனை நாளில் திருத்தித் தருவார் என்பதையெல்லாம் எழுதி முடித்த பிறகுதான் வீடியோ பற்றிப் பேசவே வேண்டும்.

நன்றாக நடத்தும் ஆசிரியரின் வகுப்பைப் படம்பிடித்து எல்லாக் கல்லூரிக்கும் போட்டால் போதாதா?

எனக்கு அதிகம் வரும் கேள்வி இதுதான். எடெக்ஸ் என்ற இணையவழிப் பாடத் தளத்தில் மாணவர்கள் வீடியோ பார்த்த 69 லட்சம் தடவைகளை ஆராய்ந்து 2014இல் ஓர் ஆய்வு வெளிவந்தது. ஆறு நிமிடத்துக்குள் முடியும் வீடியோக்களைத்தான் மாணவர்கள் கவனமாகப் பார்க்கிறார்கள், நீளம் கூடக்கூடப் பாதியில் விட்டுவிடுகிறார்கள் என்று அது காட்டியது. ஒரு மணி நேர விரிவுரையைப் பத்துத் துண்டாக வெட்டினால் சரியாகிவிடும் என்று சிலர் இதைப் புரிந்துகொண்டார்கள். அதுவும் பலிக்காது. வகுப்பறையில் எடுத்ததை வெட்டி ஒட்டியதைவிட, முதலிலேயே சிறு பகுதிகளாகத் திட்டமிட்டு எடுத்ததே நன்றாக எடுபட்டது என்பதும் அதே ஆய்வில் உள்ளது.

இன்னொரு பழைய உதாரணமும் உண்டு. பிரிட்டனின் திறந்தநிலைப் பல்கலைக்கழகம் 1969இல் நிறுவப்பட்டு, 1971 ஜனவரியில் முதல் மாணவர்களோடு தொடங்கியது. பிபிசி தொலைக்காட்சியில் வந்த அதன் பாடங்கள்தான் ஊருக்கெல்லாம் தெரிந்தன. ஆனால் படிப்பைத் தூக்கி நிறுத்தியது அஞ்சலில் போன பாடப்புத்தகங்களும், மாணவர் எழுதி அனுப்பியதைத் திருத்திக் கருத்து எழுதித் திருப்பி அனுப்பிய பயிற்றுநர்களும்தான். தொலைக்காட்சியை நிறுத்தியிருந்தாலும் அந்தப் பல்கலைக்கழகம் ஓடியிருக்கும். பயிற்றுநர்களை நிறுத்தியிருந்தால் ஓடியிருக்காது.

இணையவழியில் படித்தால் தேர்ச்சி குறைகிறது என்கிறார்களே?

குறையத்தான் செய்கிறது. அதை மூடி மறைத்துவிட்டு விரிவாக்கம் பேசுவது சரியல்ல.

கலிஃபோர்னியாவின் சமுதாயக் கல்லூரிகள் (பெரும்பாலும் இரண்டாண்டுப் படிப்பு தரும் அரசுக் கல்லூரிகள்) உலகின் மிகப்பெரிய பொதுக் கல்லூரி அமைப்புகளில் ஒன்று. இப்போது 116 கல்லூரிகள். அங்கே 2014இல் வெளியான ஆய்வில், ஒரே தன்மையுள்ள மாணவர்களை ஒப்பிட்டால், இணையவழியில் பாடம் எடுத்தவர்களின் தேர்ச்சி வகுப்பறையைவிட 11 முதல் 14 சதவீதப் புள்ளிகள் குறைவு என்று தெரிந்தது. வாஷிங்டன் மாநிலத்தில் 40,000க்கும் அதிகமான மாணவர்கள் எடுத்த சுமார் 5 லட்சம் பாடப் பதிவுகளைக் கொலம்பியா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் அலசினார்கள். சரிவு எல்லாத் தரப்பினரிடமும் இருந்தது. ஆனால் ஆண்கள், வயதில் இளையவர்கள், கறுப்பின மாணவர்கள், முன்பே மதிப்பெண் குறைவாக இருந்தவர்கள் ஆகியோரிடம் அது இன்னும் செங்குத்தாக இருந்தது. ஏற்கெனவே தடுமாறுகிறவருக்கு இணையவழி கூடுதல் தடுமாற்றம்.

இத்தோடு நிறுத்தினால் பாதிக் கதைதான். அதே கலிஃபோர்னியா ஆய்வில், சில பாடங்களையாவது இணையத்தில் எடுத்தவர்கள் கடைசியில் பட்டயம் முடிப்பதிலும் நான்கு ஆண்டுப் படிப்புக்கு மாறிச் செல்வதிலும் முந்தியிருந்தார்கள். முரண்பாடாகத் தோன்றும். ஒரு பாடத்தில் தோற்கும் வாய்ப்பு கூடுகிறது, படிப்பையே முடிக்கும் வாய்ப்பும் கூடுகிறது. எனக்குத் தோன்றும் விளக்கம் இதுதான்: ஷிப்டு வேலைக்குப் போகிறவருக்கும் கைக்குழந்தை வைத்திருப்பவருக்கும் தேவைப்பட்ட அந்த ஒரு பாடம் மாலையிலோ இரவிலோ கிடைத்தால் ஒரு செமஸ்டர் தப்புகிறது. ஒரு செமஸ்டர் விட்டவர் திரும்பி வருவது கடினம் என்பது கல்லூரி அலுவலகத்தில் உட்கார்ந்திருக்கும் எவருக்கும் தெரியும்.

அந்தச் சரிவை எப்படித் தடுப்பது?

ஆள் வேண்டும். மென்பொருள் அப்புறம்.

வகுப்பறையில் கடைசி பெஞ்சில் ஒருவர் புரியாமல் விழித்துக்கொண்டிருந்தால் ஆசிரியர் கண்ணில் படும். இணையத்தில் படாது. பத்து நாள் உள்நுழையாத மாணவரை யாரும் கவனிக்கவில்லை என்றால், அவர் போய்விட்டார் என்பதே செமஸ்டர் கடைசியில்தான் தெரியவரும். எனவே முதல் இரண்டு வாரம்தான் முக்கியம். முதல் வாரத்திலேயே ஒரு சின்ன வேலை கொடுக்க வேண்டும், ஐந்து வரி எழுதினால் போதும். அதைச் செய்யாதவர்களின் பட்டியலை எடுத்துப் பெயர் சொல்லிப் பேச வேண்டும். தானாகப் போகும் நினைவூட்டல் மின்னஞ்சலை யாரும் படிப்பதில்லை. போன் செய்தால் எடுப்பார்கள், பெரும்பாலும் "கடவுச்சொல் வேலை செய்யவில்லை, யாரிடம் கேட்பது என்று தெரியவில்லை" என்பார்கள். ஒரு வருடப் படிப்பு ஒரு கடவுச்சொல்லில் மாட்டிக்கொண்டு நிற்கும்.

அடுத்தது, உதவி கிடைக்கும் நேரம். மாணவர் இரவு பத்து மணிக்குப் படிக்கிறார், உதவி மையம் மாலை ஐந்து மணிக்குப் பூட்டிக்கொள்கிறது. தனித்தனிக் கல்லூரியால் இரவு மையம் நடத்த முடியாது, ஆனால் பத்துக் கல்லூரிகள் சேர்ந்தால் முடியும். கல்லூரிகள் ஒரே அமைப்பாக இருப்பதன் உண்மையான லாபம் இதில்தான் இருக்கிறது. அமைப்புகள் கடைசியாகச் செய்வதும் இதைத்தான்.

அமெரிக்காவில் இதைச் சட்டமாகவே வைத்திருக்கிறார்கள். ஆசிரியர் தரப்பிலிருந்து ஒழுங்கான, பொருளுள்ள உரையாடல் இல்லாத படிப்பு தொலைநிலைக் கல்வியாகாது. அது அஞ்சல்வழிப் படிப்பின் கணக்கில் சேரும், மத்திய அரசின் நிதியுதவியிலும் கை வைக்கும். 2021 ஜூலையிலிருந்து நடைமுறையில் உள்ள விதி, 'பொருளுள்ள' என்றால் என்ன என்பதையும் விளக்குகிறது: நேரடியாகக் கற்பிப்பது, மாணவரின் வேலையைப் பார்த்துக் கருத்துச் சொல்வது, கேள்விக்குப் பதில் சொல்வது, குழு விவாதம் நடத்துவது போன்றவை.

இதையெல்லாம் ஒரு தனியார் நிறுவனத்திடம் ஒப்படைத்தால் வேகமாக முடியாதா? அல்லது தனியாக ஓர் இணையக் கல்லூரி தொடங்கினால்?

அமெரிக்காவில் இரண்டையும் செய்து பார்த்திருக்கிறார்கள். 2013 ஜனவரியில் சான் ஹோசே மாநிலப் பல்கலைக்கழகம் யுடாசிட்டி என்ற தனியார் இணையப் பாட நிறுவனத்தோடு சேர்ந்து மூன்று கணிதப் பாடங்களை இணையத்தில் நடத்தியது. அதில் ஒன்று, பள்ளிக் கணிதத்தில் பின்தங்கியவர்களுக்கான அடிப்படைப் பாடம். தேர்ச்சி வகுப்பறையைவிட மிகவும் சரிந்தது, ஜூலையில் திட்டத்தை நிறுத்திவைத்தார்கள். அதிகக் கவனிப்பு தேவைப்படுகிறவர்களைக் குறைந்த கவனிப்பு உள்ள வடிவத்தில் உட்கார வைத்ததால் வந்த விளைவு என்றே நான் இதைப் படிக்கிறேன்.

தனி நிறுவனம் என்ற வழியை இலினாய் பல்கலைக்கழகம் எடுத்தது. 'குளோபல் கேம்பஸ்' என்ற பெயரில் 2008இல் தொடங்கியது. லாப நோக்கில் தனி அமைப்பாக நடத்தலாம் என்ற முதல் யோசனையே ஆசிரியர்களின் எதிர்ப்பைக் கிளப்பியது. எதிர்பார்த்த மாணவர்களில் ஒரு சிறு பகுதியே சேர்ந்தார்கள். 2009இல் மூடுவதென்று முடிவெடுத்தார்கள். பாடம் நடத்தப்போகிறவர்கள் ஓரமாக நின்று வேடிக்கை பார்த்தால் இதுதான் நடக்கும்.

எல்லாக் கல்லூரிகளும் ஒரே தளத்தைத்தான் பயன்படுத்த வேண்டுமா?

வேண்டும். பாடமும் அசைன்மென்ட்டும் மதிப்பெண்ணும் இருக்கும் மென்பொருள்தான் தளம்; மாணவர் இரண்டு கல்லூரிகளில் பாடம் எடுத்தால் இரண்டு தளங்களைப் பழகும்படி விடக் கூடாது. கலிஃபோர்னியா தன் சமுதாயக் கல்லூரிகளுக்காக 2013இல் தொடங்கிய இணையவழித் திட்டத்தில், 2015இல் கான்வாஸ் தளத்தைப் பொதுத் தளமாகத் தேர்ந்தெடுத்து, செலவையும் மையமாக ஏற்றுக்கொண்டது. கட்டாயப்படுத்தவில்லை, இலவசம் என்றார்கள். கல்லூரிகள் தானாக வந்து சேர்ந்தன. உரிமக் கட்டணம் கட்ட வழியில்லாத அமைப்புகளுக்கு 2002 முதல் கிடைக்கும் மூடுல் இருக்கிறது. திறந்த மூல மென்பொருள், ஆனால் சர்வரைப் பார்த்துக்கொள்ள நல்ல ஆட்களை வைத்தாக வேண்டும். எந்தத் தளம் என்பதில் ஆறு மாதம் சண்டை போடாதீர்கள்.

வேறொரு கல்லூரியின் பாடத்தை இணையத்தில் எடுத்தால் என் கல்லூரியில் அந்த கிரெடிட் (பட்டத்துக்குக் கணக்காகும் பாடப் புள்ளி) செல்லுமா?

அமைப்பு முன்கூட்டியே ஒப்பந்தம் செய்துவைத்திருந்தால் செல்லும். இல்லையென்றால் துறைத்தலைவரின் கையெழுத்துக்கு அலைய வேண்டும். பாடத்தில் சேருவதற்கு முன்பே எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள், வாய்வார்த்தையை நம்பாதீர்கள்.

இது நிர்வாகிகள் தீர்க்க வேண்டிய சிக்கல். தொழில்நுட்பத்துக்கு இதில் வேலையே இல்லை. ஒரு கல்லூரியின் மாணவர் இன்னொரு கல்லூரியில் பாடம் எடுத்தால் அவருக்கான அரசு மானியம் யாருக்குப் போகும்? இதற்குப் பதில் இல்லாதவரை எந்தக் கல்லூரியும் தன் மாணவரை வெளியே விடாது. அந்தப் பாடம் எங்களிடமே அடுத்த வருடம் வரும் என்று சொல்லிக்கொண்டிருக்கும். இந்தியாவில் மத்திய அரசு 2017இல் தொடங்கிய ஸ்வயம் என்ற இணையப் பாடத் தளத்தின் பாடங்களிலிருந்து, ஒரு செமஸ்டரில் உள்ள பாடங்களில் 40 சதவீதம் வரை எடுத்துக்கொள்ள பல்கலைக்கழக மானியக் குழுவின் (யுஜிசி) 2021 விதி இடம் தருகிறது. முன்பு அது 20 சதவீதம். விதியில் கதவு திறந்துவிட்டது, கல்லூரிகள் தத்தம் கதவைத் திறப்பதுதான் பாக்கி.

செலவு மிச்சமாகுமா?

முதல் சில ஆண்டுகளில் கூடும். பாடம் வடிவமைக்க, வசன வரிகள் போட, தளத்தைப் பராமரிக்க, உதவி மையம் நடத்த, பழைய பாடத்தைப் புதுப்பிக்க என்று எல்லாவற்றுக்கும் பணம் வேண்டும். ஏற்கெனவே கட்டிய கட்டடத்தின் செலவு இதனால் குறையாது. கட்டப்போகும் புதிய கட்டடத்தைத் தவிர்க்க முடிந்தால் அது மிச்சம். ஒரே பாடத்தை இருபது கல்லூரிகள் தனித்தனியாகத் தயாரிக்காமல் ஒருமுறை சேர்ந்து தயாரித்தால் அதுவும் மிச்சம்.

அமெரிக்காவின் ஜார்ஜியா டெக் பல்கலைக்கழகம் 2014இல் இணையத்தில் தொடங்கிய கணினி அறிவியல் முதுகலைப் படிப்பைப் பலரும் எடுத்துக்காட்டுவார்கள். குறைந்த கட்டணம், ஆயிரக்கணக்கான மாணவர்கள், பட்டமும் அதே பட்டம்தான். உண்மைதான். ஆனால் அங்கே சேருகிறவர்கள் பெரும்பாலும் ஏற்கெனவே ஒரு பட்டம் முடித்தவர்கள், தனியாகப் படிக்கப் பழகியவர்கள். முதலாம் ஆண்டு இளங்கலை மாணவருக்கு அதே கணக்கைப் போட்டால் தவறாகிவிடும்.

ஓர் ஆசிரியர் எத்தனை மாணவர்களைப் பார்த்துக்கொள்ளலாம்? இணையத்தில் இடப் பிரச்சினை இல்லையே.

நாற்காலிக்குத்தான் பஞ்சமில்லை. வாரத்துக்கு ஒரு அசைன்மென்ட், ஒன்றைத் திருத்திக் கருத்து எழுதப் பத்து நிமிடம் என்று வைத்துக்கொள்ளுங்கள். 30 பேருக்கு 5 மணி நேரம். 60 பேருக்கு 10 மணி நேரம். அப்படி மூன்று வகுப்பு என்றால் 30 மணி நேரம் திருத்துவதிலேயே போய்விடும். பிறகு என்ன நடக்கும்? அசைன்மென்ட் நின்றுபோகும், அதன் இடத்தில் கணினியே திருத்தும் நான்கு விடைக் கேள்விகள் வந்து உட்கார்ந்துகொள்ளும். அந்த இடத்தில் பாடம் செத்துவிட்டது, பதிவேட்டில் மட்டும் உயிரோடு இருக்கும்.

நான் உழைத்துத் தயாரித்த பாடம் யாருக்குச் சொந்தம்? நாளை என்னை மாற்றிவிட்டு என் வீடியோவை ஓட்டிக்கொண்டிருப்பார்களா?

ஆசிரியர்கள் கேட்கும் மிக நியாயமான கேள்வி. முன்கூட்டியே எழுதிக்கொள்ளாவிட்டால், அப்படி நடக்கத்தான் செய்யும். தயாரிப்புக்குத் தனிச் சன்மானமோ வேலைச்சுமைக் குறைப்போ உண்டா, முகமும் குரலும் உள்ள வீடியோவை எத்தனை ஆண்டுகள் பயன்படுத்தலாம், ஆசிரியர் விலகினால் என்ன செய்வது என்ற மூன்றும் ஒப்பந்தத்தில் இருக்க வேண்டும். பாடத்தின் எழுத்துப் பகுதியைத் திறந்த உரிமத்தில் வெளியிட்டு, முகம் தெரியும் வீடியோவை மட்டும் தனியாக வைப்பது பல சண்டைகளைத் தவிர்க்கும்.

என்னிடம் லேப்டாப் இல்லை, செல்போன் மட்டும்தான் இருக்கிறது. படிக்க முடியுமா?

பாடத்தை வடிவமைத்தவர் உங்களை நினைத்திருந்தால் முடியும். நேரலை வீடியோ நொடிக்கு 1 மெகாபிட் வேகத்தில் ஓடினால் ஒரு மணி நேரத்துக்கு 450 எம்பி தீரும். அதே ஒரு மணி நேரத்தை 64 கிலோபிட் ஒலியாகக் கேட்டால் 29 எம்பிதான். படிக்கும் குறிப்பு இன்னும் குறைவு. அதனால் ஒவ்வொரு வீடியோவுக்கும் ஒலி வடிவமும் எழுத்து வடிவமும் கூடவே இருக்க வேண்டும், பதிவிறக்கிக்கொள்ளவும் வசதி வேண்டும். நேரலைக்கு வராதவருக்கு மதிப்பெண்ணைக் குறைக்கும் பாடம், இணைப்பு மோசமாக உள்ளவரைத் தண்டிக்கிறது.

படிக்கச் செல்போன் போதும், பத்துப் பக்கக் கட்டுரை எழுதவோ நிரல் எழுதவோ போதாது. லேப்டாப் இரவல் தரும் நூலகமும் இரவில் திறந்திருக்கும் கணினி அறையும் கல்லூரியில் வேண்டும்.

தேர்வில் காப்பியடிக்க மாட்டார்களா?

அடிப்பார்கள். வகுப்பறையிலும் அடிக்கிறார்கள். கேமரா வைத்துக் கண்காணிக்கும் மென்பொருளை வாங்கினால் தீர்ந்தது என்று நினைக்கிறவர்களுக்கு ஒரு தகவல்: தேர்வுக்கு முன் மாணவரின் அறையைக் கேமராவில் சுற்றிக்காட்டச் சொன்ன கிளீவ்லாண்ட் மாநிலப் பல்கலைக்கழகத்தின் நடைமுறை அரசியல் சட்டத்துக்கு முரணானது என்று 2022 ஆகஸ்டில் அமெரிக்கக் கூட்டாட்சி நீதிமன்றம் ஒன்று தீர்ப்பளித்தது. வீட்டில் ஒரே அறை, அதில் நான்கு பேர் என்ற நிலையில் உள்ளவருக்கு அந்த மென்பொருள் கேள்வித்தாளைவிடக் கடினமான தேர்வு.

பெரிய இறுதித் தேர்வை அருகிலுள்ள கல்லூரியில் நேரில் வைக்கலாம். பல கல்லூரிகள் உள்ள அமைப்புக்கு இது எளிது. தூரத்து மாணவருக்கும் ஏதோ ஒரு கல்லூரி பக்கத்தில் இருக்கும். மீதியைச் சிறுசிறு வேலைகளாகப் பிரித்து, அவற்றில் ஒன்றிரண்டை "நீங்கள் எழுதியதை ஐந்து நிமிடம் விளக்குங்கள்" என்று பேசச் சொன்னால் போதும். செயற்கை நுண்ணறிவு எழுதிய கட்டுரையையும் இந்த ஐந்து நிமிடம் காட்டிக்கொடுத்துவிடும்.

ஆய்வக வகுப்புகளை என்ன செய்வது?

கோட்பாட்டை இணையத்தில் வைத்து, ஆய்வகத்தை வார இறுதியில் நேரில் வையுங்கள். செவிலியர் படிப்பில் ஊசி போடக் கற்பது திரையில் நடக்காது.

பார்வையற்றவர்களும் காதுகேளாதவர்களும் எப்படிப் படிப்பார்கள்?

பாடம் வெளிவந்த பிறகு யோசித்தால் படிக்க முடியாது. வீடியோவுக்கு வசன வரிகள், படங்களுக்கு விளக்கம், திரைவாசிப்பான் (திரையில் உள்ள எழுத்தைக் குரலில் படித்துக்காட்டும் மென்பொருள்) வாசிக்கக்கூடிய கோப்புகள் ஆகியவை முதல் நாளிலேயே இருக்க வேண்டும். ஸ்கேன் செய்த புத்தகப் பக்கம் திரைவாசிப்பானுக்கு வெறும் படம், ஒரு வார்த்தைகூட வாசிக்காது. தானியங்கி வசன வரிகள் சொற்களைத் தப்பும் தவறுமாகப் போடும், பாடத்தின் கலைச்சொல்லில்தான் அதிகம் தடுமாறும், அதனால் ஒருவர் உட்கார்ந்து திருத்தியாக வேண்டும். ஹார்வர்டும் எம்ஐடியும்கூட இலவசமாகத் தந்த வீடியோக்களுக்கு வசன வரிகள் சரியாக இல்லையென்று 2015இல் வழக்கைச் சந்தித்தன.

எந்தப் பாடங்களில் தொடங்குவது?

இடம் கிடைக்காமல் மாணவர்கள் காத்திருக்கும் பாடங்களில். பட்டம் முடிக்க ஒரே ஒரு பாடம் பாக்கி, அது இந்த செமஸ்டர் நடக்கவில்லை என்று நிற்பவர்களின் பட்டியல் ஒவ்வொரு கல்லூரியிலும் இருக்கும். அந்தப் பட்டியல்களை ஒன்றுசேர்த்தால் முதல் பத்துப் பாடங்கள் தெரிந்துவிடும். அடிப்படைக் கணிதத்தைக் கடைசிக்கு வையுங்கள், சான் ஹோசேயின் கதையை மேலே சொல்லியிருக்கிறேன்.

எத்தனை பாடங்கள் இணையத்தில் ஏறின என்று அறிக்கை கேட்கிறார்கள். அதுதானே அளவுகோல்?

அந்த எண்ணிக்கையைக் கூட்டுவது ரொம்பச் சுலபம், அதனால்தான் எல்லோருக்கும் அது பிடிக்கிறது. சேர்ந்தவர்களில் எத்தனை பேர் முடித்தார்கள், அதே பாடத்தின் வகுப்பறைத் தேர்ச்சியோடு ஒப்பிட்டால் இடைவெளி எவ்வளவு, எந்தப் பிரிவு மாணவர்களிடம் அது அதிகம் என்ற மூன்று எண்களையும் பாடவாரியாக வெளியிடச் சொல்லுங்கள். இரண்டு செமஸ்டர் தொடர்ந்து இடைவெளி குறையாத பாடத்தை நிறுத்தித் திருத்தும் அதிகாரம் யாரிடம் இருக்கிறது என்றும் கேளுங்கள். பெரும்பாலும் யாரிடமும் இருக்காது.

மாணவனாக நான் சேரலாமா, வேண்டாமா?

முதல் தடவை என்றால் ஒரே ஒரு பாடம் எடுங்கள், மீதியை வகுப்பறையில் எடுங்கள். உங்களுக்குக் கடினமான பாடமாக அது இருக்க வேண்டாம். பதிவு செய்வதற்கு முன் ஆசிரியருக்கு ஒரு கேள்வி அனுப்பிப் பாருங்கள், பதில் வர எத்தனை நாளாகிறது என்பதிலேயே பாதி தெரிந்துவிடும். கிரெடிட்டோ கட்டணமோ பாதிக்காமல் விலகக் கடைசித் தேதி எது என்று பார்த்துக் குறித்துவைத்துக்கொள்ளுங்கள். அந்தத் தேதிக்கு முந்தின வாரம்வரை ஒருவர்கூட உங்கள் வேலையைப் பார்த்துக் கருத்துச் சொல்லவில்லை என்றால், விலகிவிடுங்கள்.